ஊர் கூடிக் கட்டிய கல்லூரி

நுழையும்முன்

ஓர் ஆசிரியரின் திறமையால் ஒரு பள்ளி சிறப்படைவது உண்டு. அவ்வாசிரியர் விலகியதும் அப்பள்ளி மங்கிப்போவதும் உண்டு. தாம் மறைந்த பின்னும் நிலைத்து நிற்கும் கல்வி நிறுவனம் ஒன்றைப் பெண்களுக்கென அமைக்க விரும்பினார் அமெரிக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர். செல்வமோ செல்வாக்கோ இல்லாத அவர், ஊர் ஊராகச் சென்று சிறு தொகைகளைத் திரட்டி அதனை எழுப்பினார். ஆசிரியரும் மாணவியரும் ஒன்றாக உறைந்து கற்கும் கல்லூரி வாழ்க்கை பெண்களுக்கு வாய்த்த வரலாற்றில் அவருடைய பங்கு பெரிது. அவர்தாம் மேரி லயன்.

மலைப்பண்ணையில் பிறந்த சிறுமி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் அமைந்துள்ளது மாசசூசெட்ஸ் மாநிலம். அதன் மேற்குப் பகுதி குன்றுகளும் கற்கள் நிறைந்த நிலங்களும் கொண்டது. அப்பகுதியிலுள்ள பக்லேண்ட் என்னும் சிற்றூரின் பண்ணை வீடொன்றில் 1797ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் மேரி லயன் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது தந்தை ஆரோன் லயன் காலமானார். பல பிள்ளைகளைப் பேணும் பொறுப்பும் பண்ணையை நடத்தும் பொறுப்பும் தாய் ஜெமிமாவின் தோள்மீது விழுந்தன. நூல் நூற்றல், துணி நெய்தல், ரொட்டி சுடுதல், தோட்டம் பேணுதல் ஆகிய வேலைகளுக்கிடையே, பள்ளி நடைபெறும் மாதங்களில் மட்டும் மேரி கல்வி கற்றார்.

மேரிக்குப் பதின்மூன்று வயதானபோது தாய் மறுமணம் புரிந்துகொண்டு அண்டை ஊருக்குச் சென்றார். மேரியோ பண்ணையிலேயே தங்கித் தம் தமையனுக்கு வீட்டுப் பொறுப்பைக் கவனித்து வந்தார். அதற்காக வாரம் ஒரு டாலர் வீதம் தமையன் அவருக்கு ஊதியம் கொடுத்தார். அத்தொகையைச் சிறுமி செலவழிக்கவில்லை; மேலும் படிப்பதற்கெனச் சேர்த்து வைத்தார்.

பதினேழாம் வயதில், 1814ஆம் ஆண்டு, ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்னும் ஊரின் பள்ளியில் ஆசிரியைப் பணி அவருக்குக் கிடைத்தது. வார ஊதியம் 75 சென்ட். அதாவது முக்கால் டாலர். ஆண் ஆசிரியர்கள் பெற்ற ஊதியத்தோடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு. அக்கால வழக்கப்படி, மாணவர்களின் வீடுகளில் முறைவைத்துத் தங்கி அவர் உண்டு உறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் பெண்மக்களின் அன்றாட வாழ்வை அருகிருந்து காணும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. அறிவும் ஆர்வமும் உடைய இளம்பெண்கள், தொடக்கக் கல்விக்கு அப்பால் செல்ல வழியின்றி நிற்பதை அவர் கண்டார். அவருடைய நிலையும் அதுவே.

நெய்த துணியே கட்டணம்

சில மாதங்கள் கற்பித்துப் பொருள் சேர்ப்பதும், அது தீரும்வரை சில மாதங்கள் கற்பதும் மேரியின் வழக்கமாயின. 1817ஆம் ஆண்டு ஆஷ்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த சாண்டர்சன் கல்விக்கூடத்தில் அவர் சேர்ந்தார். உணவுக்கும் உறைவிடத்துக்கும் போதிய பணம் அவரிடம் இல்லை. தம் கையால் நெய்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளையும் மேசைத் துணிகளையும் கொடுத்து ஈடுசெய்தார். இரவில் மிகச் சில மணி நேரமே உறங்கினார். இலத்தீன் இலக்கண நூல் ஒன்றைச் சில நாள்களிலேயே மனப்பாடம் செய்து ஒப்புவித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

1821ஆம் ஆண்டு பைஃபீல்டு என்னும் ஊரில் ஜோசப் எமர்சன் நடத்திய பெண்கள் பள்ளியில் சேர்ந்தது அவர் வாழ்வின் திருப்புமுனை. பெண்களின் அறிவாற்றல் ஆண்களின் அறிவாற்றலுக்குக் குறைந்ததன்று என்னும் கருத்துடையவர் எமர்சன். பாடத்தை ஒப்புவிக்கச் செய்வதோடு அவர் அமையவில்லை. மாணவியரைச் சிந்திக்கவும் விவாதிக்கவும் தூண்டினார். அங்கேதான் சில்பா கிராண்ட் என்னும் ஆசிரியையின் நட்பும் மேரிக்குக் கிடைத்தது.

அறிவியலின்மீது மேரிக்கு அளவற்ற பற்று இருந்தது. நிலவியல் அறிஞர் எட்வர்டு ஹிட்ச்காக், வேதியியலையும் தாவரவியலையும் செய்முறை வழியே கற்பித்த ஏமோஸ் ஈட்டன் ஆகியோரிடம் அவர் அறிவியல் பயின்றார். ஆய்வைக் கண்ணால் கண்டும் கையால் செய்தும் கற்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து உணர்ந்தார். பின்னாளில் தம் மாணவியருக்கு வேதியியலைத் தாமே ஆர்வத்துடன் கற்பித்தமைக்கு இப்பயிற்சியே அடிப்படை.

நிலையாத பள்ளிகள்

அக்காலத்தில் ஆண்மக்களுக்கு உயர்கல்வி புதிதன்று. ஹார்வர்டு கல்லூரி 1636ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. மேற்கு மாசசூசெட்ஸ் பகுதியிலும் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் ஆகிய சிறிய உறைவிடக் கல்லூரிகள் இருந்தன. இளைஞர்கள் கல்லூரி வளாகத்திலோ அதன் அருகிலோ தங்கி, மொழிகள், கணிதம், இயற்கை அறிவியல், அளவையியல், அறவியல் ஆகியவற்றைப் பயின்றனர். ஏதேனும் ஒரு தொழிலுக்கு மட்டும் மாணவரை ஆயத்தம் செய்யாமல், எத்துறையிலும் தெளிவாகச் சிந்திக்கும் மனத்தை உருவாக்குவதே அக்கல்வியின் நோக்கம். 1821ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, சுற்றுப்புற மக்களின் நன்கொடையால் எழுந்தது. பொருள் வசதியற்ற இளைஞர்களுக்கு உதவ அங்குத் தனி நிதியும் இருந்தது. ஓர் ஏழை உழவரின் மகன் இவ்வாறு கல்லூரிக்குச் செல்ல முடிந்தது. அவ்வுழவரின் மகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

பெண்களுக்கான உயர்நிலைக் கல்விக்கூடங்கள் அறவே இல்லாமல் இல்லை. அவை 'செமினரி' என்று அழைக்கப்பட்டன. எம்மா வில்லார்டு என்பவர் 1821ஆம் ஆண்டு டிராய் நகரில் அத்தகைய கூடம் ஒன்றைத் தொடங்கிப் புகழ்பெற்றிருந்தார். எனினும், அவற்றுள் பெரும்பாலானவை வசதி படைத்தோர்க்கே எட்டும் கட்டணம் உடையவை. மேலும், ஒருவரது உழைப்பையும் உடல்நலத்தையும் நம்பியே நடந்தவை.

இவ்வுண்மையை மேரி தம் பட்டறிவால் உணர்ந்தார். ஆசான் எமர்சன் வேறூருக்குப் பெயர்ந்தபோது அவருடைய பள்ளியும் அவரோடு பெயர்ந்தது. பின்னர், மேரியும் சில்பா கிராண்டும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெர்ரி என்னும் ஊரில் ஒரு பெண்கள் பள்ளியைச் சிறப்புற நடத்தினர். பள்ளிக் குழுவினரோடு கருத்து வேறுபாடு எழவே, கிராண்ட் அங்கிருந்து விலக நேர்ந்தது. 1828ஆம் ஆண்டு இருவரும் இப்ஸ்விச் என்னும் கடற்கரை ஊரில் புதிதாக ஒரு பள்ளியை அமைத்தனர். அதன் புகழ் எங்கும் பரவியது. அங்குப் பயின்றோர் பல ஊர்களில் ஆசிரியைகளாகப் பணிபுரிந்தனர். ஆனால், பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, அறநிதி இல்லை. கிராண்டின் உடல்நலமும் அடிக்கடி குன்றியது. நிலையான கட்டடமும் நிதியும் வேண்டித் தோழியர் இருவரும் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை.

எத்துணைத் திறமையான ஆசிரியை இருந்தாலும், ஒருவர் உயிரைப் பற்றி நிற்கும் பள்ளி அவரோடே முடிந்துவிடும் என்பது மேரிக்குத் தெளிவாயிற்று. தனியொருவர்க்கு உரிமையாகாமல் அறங்காவலர் குழுவின் பொறுப்பில் இயங்குவது. தனக்கென நிலமும் கட்டடமும் உடையது. எளிய குடும்பத்துப் பெண்களும் செலுத்தத்தக்க கட்டணம் கொண்டது. ஆண்கள் கல்லூரிக்கு நிகரான பாடங்களைக் கற்பிப்பது. இத்தகைய நிறுவனம் ஒன்றை உருவாக்குவதே தம் வாழ்நாள் கடமை என்று அவர் முடிவுசெய்தார். அன்புத் தோழியையும் நல்ல ஊதியமும் பெயரும் தந்த இப்ஸ்விச் பணியையும் விட்டு 1834ஆம் ஆண்டு அவர் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

பச்சைப் பையுடன் ஒரு பயணம்

முதற்கொடை பெண்களிடமிருந்தே வந்தது. இப்ஸ்விச் பள்ளியின் ஆசிரியைகள், மாணவியர், அவ்வூர்ப் பெண்டிர் ஆகியோரிடம் மேரி தம் எண்ணத்தை எடுத்துரைத்தார். ஏறத்தாழ ஆயிரம் டாலர் திரண்டது. தமக்கென வருவாய் எதுவும் இல்லாத பெண்கள் தம் ஆடை அணிகளுக்கான செலவைக் குறைத்துக்கொண்டு அளித்த தொகை அது. முயற்சியைத் தொடங்குவதற்கான முதற்செலவுகளுக்கு அது பயன்பட்டது.

பின்னர் அவர் ஊர் ஊராகப் பயணம் செய்தார். குளிரிலும் பனியிலும் குதிரை வண்டிகளில் சென்று பண்ணை வீடுகளின் கதவுகளைத் தட்டினார். நன்கொடைகளை இட்டு வைக்க அவர் எடுத்துச் சென்ற பச்சை நிற வெல்வெட் பை, அவரைப் போலவே அப்பகுதியில் பலரும் அறிந்த ஒன்றாயிற்று. மணமாகாத பெண் ஒருத்தி தனியே பயணம் செய்து அயலாரிடம் பொருள் கேட்பது அக்காலச் சமூகத்திற்கு ஒவ்வாத செயல். நண்பர்கள் சிலரே அதனை விரும்பவில்லை. மேரி தாம் செய்வதில் தவறில்லை என்று உறுதியாக நம்பினார். எனினும், மக்களின் மனநிலையை மதித்து, அறங்காவலர் குழுவின் பொறுப்புகளில் ஆண்களையே அமர்த்தித் தாம் பின்னிருந்து இயக்கினார். பாஸ்டன் நகரின் டேனியல் சாஃபோர்டு, மான்சன் ஊரின் ஆண்ட்ரூ போர்ட்டர் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர்.

எதிர்ப்பும் ஏளனமும் எழாமல் இல்லை. பெண்ணுக்கு வடிவியலும் வேதியியலும் எதற்கு என்று சிலர் வினவினர். ஆழ்ந்த படிப்பைப் பெண்ணின் உடல் தாங்காது என்று வேறு சிலர் எச்சரித்தனர். பெண்ணின் ஆற்றல்கள் அனைத்தையும் வளர்ப்பது என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஹிட்ச்காக் ஒரு நீண்ட பெயரை முன்மொழிந்தபோது செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. முடிவில், அருகிலிருந்த மலையின் பெயரையே ஏற்று 'மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரி' என்று பெயரிடப்பட்டது.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது முதுமொழி. அது இம்முயற்சியில் மெய்யாயிற்று. ஒரு கட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 90 ஊர்களைச் சேர்ந்த 1,800 பேர் 27,000 டாலர் அளித்திருந்தனர். அப்பட்டியலில் நூற்றுக்கணக்கில் தந்தவரும் இருந்தனர். 6 சென்ட் மட்டும் தந்தவரும் இருந்தனர். பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையை நம்பாமல் எளியோர் பலரின் பங்கைத் திரட்டுவதில் மேரி கருத்தாக இருந்தார். தாம் கொடுத்த காசால் எழுந்த கல்விக்கூடத்தை மக்கள் எளிதில் கைவிட மாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கட்டடம் எழுந்த கதை

கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சவுத் ஹாட்லி என்னும் ஊர் கல்விக்கூடத்திற்கு இடமாகத் தெரிவுசெய்யப்பட்டது. 1836ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மாநில அரசு அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடப் பணியில் இடையூறுகள் நேர்ந்தன. எழும்பிக்கொண்டிருந்த சுவர்கள் ஒருமுறை சரிந்து விழுந்தன. தொழிலாளர்கள் காலையுணவுக்குச் சென்றிருந்தமையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. அதனை எண்ணி மேரி மகிழ்ந்தாரேயன்றி இழப்பை எண்ணிக் கலங்கவில்லை.

அடுத்து வந்தது பொருளாதார நெருக்கடி. 1837ஆம் ஆண்டு நாடெங்கும் வங்கிகள் தடுமாறின, வணிகங்கள் முடங்கின. கொடையளிப்பதாக வாக்களித்த பலர் அதனைக் கொடுக்க இயலாத நிலைக்கு ஆளாயினர். அச்சூழலிலும் மேரி நாள்தோறும் கட்டட வேலையை மேற்பார்த்தார். அறைகளின் அமைப்பு முதல் சமையலறை அடுப்பு வரை ஒவ்வொன்றையும் தாமே திட்டமிட்டார்.

1837ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், நான்கு தளங்கள் கொண்ட அச்செங்கற் கட்டடம் திறக்கப்பட்டது. வேலை முற்றுப்பெறவில்லை. அறைகலன்கள் சில வந்துசேரவில்லை. அறங்காவலர்களே மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரைவிரிப்புகளை ஆணியடித்துப் பொருத்திக்கொண்டிருந்தனர். அந்நிலையில் ஏறத்தாழ 80 மாணவியர் தம் பெட்டி படுக்கைகளோடு வந்திறங்கினர். வந்தவர்களும் உடனே வேலையில் கைகொடுத்தனர். அந்த முதல் நாளே, அக்கல்விக்கூடம் தம்முடையது என்னும் உணர்வு அவர்களிடம் வேரூன்றியது.

கற்றலும் வாழ்தலும்

சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு உண்டு. இலக்கணம், புவியியல், நாட்டு வரலாறு, கணக்கு ஆகியவற்றில் தேறியவர்களே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். மூன்றாண்டுப் படிப்பில் இயற்கணிதம், யூக்ளிடின் வடிவியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், நிலவியல், உடலியல், அளவையியல், அறவியல் ஆகியன இடம்பெற்றன. பட்டம் பெற வேண்டுமாயின் அறிவியலையும் கணிதத்தையும் கட்டாயம் கற்றாக வேண்டும் என்பது அக்காலத்தில் பெண்கல்விக்குப் புதுமை. இலத்தீனையும் தொடக்கம் முதலே கட்டாயமாக்க மேரி விரும்பினார். பொதுமக்கள் அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதை உணர்ந்து, பொறுத்திருந்து படிப்படியாகவே அதனைக் கொண்டுவந்தார்.

ஆசிரியைகளும் மாணவியரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர்; ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். விடியற்காலை முதல் இரவு வரை மணியோசையே நாளை வழிநடத்தியது. நாள்தோறும் ஒரு மைல் நடப்பது கட்டாயம், உடற்பயிற்சியும் உண்டு. பெண்ணின் உடல் உயர்கல்வியைத் தாங்காது என்ற கூற்றுக்கு மாணவியரின் உடல்நலமே மறுமொழியாக அமைய வேண்டும் என்று மேரி கருதினார். இறைவழிபாட்டுக்கும் தனித்தியானத்துக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடைய மேரி, கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்படுத்துவதே கல்வியின் பயன் என்று கற்பித்தார்.

ஆண்டுக் கட்டணம், உணவும் உறைவிடமும் உட்பட, 60 டாலர் மட்டுமே. இப்ஸ்விச் பள்ளியில் ஆன செலவில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு குறைந்த கட்டணத்திற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, வேலையாட்கள் இல்லாமை. ஒவ்வொரு மாணவியும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சமைத்தல், பாத்திரம் துலக்குதல், துணி வெளுத்தல், கூடம் பெருக்குதல் ஆகியவற்றுள் தமக்கு ஒதுக்கப்பட்டதைச் செய்தனர். செல்வர் வீட்டு மகளும் எளியவர் வீட்டு மகளும் இதில் ஒன்றே. பெண்களுக்கு வீட்டுவேலை கற்பிக்கவே இவ்வேற்பாடு என்று பலர் பிழையாக எண்ணினர். அதனை மேரி மறுத்தார். வீட்டுவேலையைத் தாயிடமே கற்றுக்கொள்ளலாம். கட்டணத்தைக் குறைப்பதும், பிறர் உழைப்பைச் சாராமல் வாழப் பழக்குவதுமே தம் நோக்கம் என்பது அவர் விளக்கம்.

மற்றொரு காரணம் ஆசிரியைகளின் குறைந்த ஊதியம். மேரியே ஆண்டுக்கு 200 டாலருக்கு மேல் பெற மறுத்தார். அதிலும் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு அளித்தார். பெண்கல்விக்கு உழைத்த மற்றோர் அறிஞரான கேத்தரின் பீச்சர் இதனை ஏற்கவில்லை. ஆசிரியைகளின் ஊதியத்தைக் குறைத்தால், பெண்களின் உழைப்பு மலிவானது என்ற எண்ணம் வலுப்பெறும் என்று அவர் வாதிட்டார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும், ஊதியத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் உழவர் வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிடுவர். இரண்டுள் ஒன்றைத் தேர வேண்டிய நிலையில், மேரி மாணவியரின் பக்கம் நின்றார்.

> தெரிந்து தெளிவோம்
> அமெரிக்காவின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான எமிலி டிக்கின்சன் 1847–48ஆம் கல்வியாண்டில் மவுண்ட் ஹோலியோக்கில் பயின்றார். உணவுக்கூடத்தில் கத்திகளைச் சேகரித்துக் கழுவித் துடைத்து வைப்பது அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

இடம் போதவில்லை என்பதே அடுத்து எழுந்த இடர். இரண்டாம் ஆண்டிலேயே, சேர விரும்பிய நூற்றுக்கணக்கானோர்க்கு இடமில்லை என்று மறுமொழி எழுத நேர்ந்தது. கட்டடம் விரிவாக்கப்பட்டது. மேரியின் இறுதிக் காலத்தில் மாணவியர் எண்ணிக்கை 200ஐக் கடந்தது. இடையே துன்பமும் வந்தது. 1840ஆம் ஆண்டு டைபாய்டு காய்ச்சல் பரவி மாணவியர் சிலர் உயிரிழந்தனர். ஒரே இல்லமாக வாழ்ந்த அச்சிறு சமூகத்திற்கு அது பேரிழப்பு. நோயுற்றோரைப் பேணி, பெற்றோர்க்கு ஆறுதல் கூறி, கலங்கி நின்றவர்களைத் தேற்றி, நிறுவனம் நிலைகுலையாமல் மேரி காத்தார்.

இறுதி நாள்கள்

1849ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மாணவி ஒருவர் தோலைத் தாக்கும் கொடிய தொற்றுநோய்க்கு ஆளானார். ஏற்கெனவே தளர்ந்திருந்த மேரி அம்மாணவியின் படுக்கையருகே சென்று ஆறுதல் அளித்தார். சில நாள்களில் அந்நோய் அவரையும் பற்றியது. 1849ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், தாம் எழுப்பிய கட்டடத்திலேயே அவர் உயிர் நீத்தார். கல்லூரி வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய கொள்கை ஆய்வுக்கு உள்ளான காலம் அவர் மறைந்த பின்னரே தொடங்கியது. எமர்சனின் பள்ளி அவரோடு பெயர்ந்தது. சில்பா கிராண்ட் விலகியதும் இப்ஸ்விச் பள்ளி தன் பழைய பொலிவை இழந்தது. மவுண்ட் ஹோலியோக்கில் அவ்வாறு நேரவில்லை. அடுத்த பருவத்திலும் மணி ஒலித்தது, மாணவியர் வந்தனர், அவரிடம் பயின்றவர்கள் பாடம் நடத்தினர். மூன்றாண்டுப் படிப்பு பின்னர் நான்காண்டுப் படிப்பாக உயர்ந்தது. 1888ஆம் ஆண்டு கல்லூரிப் பட்டம் வழங்கும் உரிமை கிட்டியது. 1893ஆம் ஆண்டு 'மவுண்ட் ஹோலியோக் கல்லூரி' என்னும் பெயர் நிலைபெற்றது. மூன்றாண்டுகள் கழித்து, 1896ஆம் ஆண்டு, மேரி பார்த்துப் பார்த்துக் கட்டிய பழைய கட்டடம் தீக்கிரையானது. அதுவும் கல்லூரியை நிறுத்தவில்லை. புதிய கட்டடங்கள் எழுந்தன. செங்கல்லும் சுண்ணாம்பும் அழியக்கூடியவை. ஊர் கூடி ஏற்ற பொறுப்பு அழியாதது என்பதை அந்நிகழ்வு மெய்ப்பித்தது.

கடல் கடந்த விதைகள்

மேரியிடம் பயின்றவர்கள் பல திசைகளிலும் கல்விக்கூடங்களை நிறுவினர். ஃபிடெலியா ஃபிஸ்க் 1843ஆம் ஆண்டு பாரசீக நாட்டுக்குச் சென்று பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை வளர்த்தார். மவுண்ட் ஹோலியோக்கின் பிற்கால மாணவியர் இருவர் 1874ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் வெலிங்டன் நகரில் அதே அமைப்பில் ஒரு செமினரியைத் தொடங்கினர். புகழ்பெற்ற வெல்லெஸ்லி கல்லூரியின் முதல் தலைவரான ஏடா ஹோவர்டும் மவுண்ட் ஹோலியோக்கில் பயின்றவரே.

இவ்விதைகளுள் ஒன்று தமிழ் நிலத்தையும் தொட்டது. 1845ஆம் ஆண்டு அங்குப் படிப்பை முடித்து, மேரி லயனின் கீழ் ஆசிரியையாகப் பணியாற்றியவர் சூசன் டால்மன். அவர் 1848ஆம் ஆண்டு கணவர் சைரஸ் மில்சுடன் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், தமிழ் இளைஞர்கள் தங்கிக் கற்ற செமினரியின் தலைவராகச் சைரஸ் மில்ஸ் பொறுப்பேற்றார். சில ஆண்டுகள் அங்குப் பணியாற்றிய பின் இருவரும் தாயகம் திரும்பினர். பின்னாளில் கலிபோர்னியாவில் அவர்கள் வளர்த்த பெண்கள் கல்விக்கூடம் மில்ஸ் கல்லூரியாக மலர்ந்தது. மசாசூசெட்ஸ் குன்றுகளில் பெற்ற பயிற்சி யாழ்ப்பாணத்துப் பனைநிழலைக் கடந்து பசிபிக் கடற்கரையில் வேர்விட்டது.

மேரி லயனின் நினைவாக அமெரிக்க அஞ்சல் துறை 1987ஆம் ஆண்டு ஓர் அஞ்சல் தலையை வெளியிட்டது. அதன் மதிப்பு 2 சென்ட். ஆறு சென்ட் கொடையையும் நன்றியோடு பெற்றுக் கணக்கில் எழுதிய ஒருவர்க்கு அச்சிறு தொகை இழுக்கன்று, பொருத்தமே. கல்வி ஒருவருக்குக் கிட்டினால் அது அவருடைய நற்பேறு. ஒரு தலைமுறைக்கு நிலையாகக் கிட்ட வேண்டுமானால் அதற்கென ஓர் இல்லம் வேண்டும். அவ்வில்லத்தைப் பலர் சேர்ந்து தாங்க வேண்டும். நெய்த துணியை விலையாகக் கொடுத்துக் கற்ற ஒரு பெண், தமக்குப் பின் வரும் பெண்கள் அவ்வாறு அலைய வேண்டியதில்லை என்று எண்ணியதன் பயனே அக்கல்லூரி.